ரோட்டை வெட்டுகிறவர் யார்? நஷ்டத்தைச் சுமக்கிறவர் யார்?

(அடி அண்ணாமலையில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கூலியைப் பற்றிப் பேசுவார், நிலத்தைப் பற்றிப் பேசுவார் என்று எண்ணி வந்திருப்பீர்கள். நான் இன்று ரோட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். தார், ஜல்லி, குழாய், பள்ளம், இவைதான் இன்றைய விஷயம். இதற்கும் நம் கூலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முடிக்கும்போது அந்தச் சம்பந்தத்தை நீங்களே எனக்குச் சொல்வீர்கள்.

நாம் கூடியிருக்கிற இடம் மலையைச் சுற்றும் பாதை. பதினான்கு கிலோ மீட்டர் சுற்று. வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவே இருக்கிறது அடி அண்ணாமலை. மாதம் ஒரு பௌர்ணமி, வருஷத்துக்கு ஒரு கார்த்திகை தீபம். அன்றைக்கெல்லாம் லட்சக்கணக்கான ஜனங்கள் செருப்பில்லாத காலோடு இந்த வழியே நடக்கிறார்கள். மற்ற நாட்களில் நடப்பவர்கள் நாம். களையெடுக்கப் போகிறவர், அரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போகிறவர், கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர், பால் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறவர். பக்தர் ஒரு நாள் நடந்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார். நாம் 365 நாளும் இந்த ரோட்டிலேதான் பிழைக்கிறோம். ஆகவே ரோடு கெட்டால் அதை முதலில் அறிவது நம் கால்தான்.

என் தெருவில் நடந்தது

என் தெருவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த இலாகா என்று பெயர் சொல்லப் போவதில்லை. உங்கள் தெருவிலும் இதேதான் நடந்திருக்கும்.

பல வருஷம் மனுக் கொடுத்துக் கொடுத்து, ஒரு தை மாதத்தில் எங்கள் தெருவுக்குத் தார் ரோடு வந்தது. குழந்தைகள் அதன்மேல் ஓடி விளையாடின. பெண்கள் கோலம் போட்டார்கள். சித்திரையில் குடிநீர்க் குழாய் போட ஆட்கள் வந்தார்கள். நீளவாக்கில் தெரு முழுவதும் வெட்டினார்கள். குழாயைப் போட்டார்கள், தோண்டின மண்ணையே மேலே தள்ளினார்கள், போய்விட்டார்கள். ஆடியில் தொலைபேசிக் கேபிள் கம்பெனிக்காரர் வந்து மறு ஓரத்தை வெட்டினார். ஐப்பசியில் குழாய் கசிகிறது என்று மூன்று இடத்தில் குழி தோண்டினார்கள். அந்த வருஷம் மழை பெய்தபோது தெரு முழுக்க நீளமாக ஒரு வாய்க்கால் விழுந்தது.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, வயது ஐம்பதுக்கு மேல். நடவு முடிந்து இருட்டில் திரும்பும்போது அந்த வாய்க்காலில் கால் மடங்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. நடவு சீசன் முழுவதும் அவருக்குக் கூலி இல்லை. அவருடைய மகள் தன் கூலியையும் விட்டுவிட்டுத் தாயைக் கவனித்தாள்.

நான் விசாரித்துப் பார்த்தேன், தோழர்களே. குழாய் போட்ட வேலைக்கு எஸ்டிமேட் இருந்தது. அதில் குழாயின் விலை இருந்தது, தோண்டும் கூலி இருந்தது, மண் மூடும் கூலிகூட இருந்தது. கேபிள் கம்பெனியின் கணக்கிலும் எல்லாம் இருந்தது. அந்த அம்மாவின் நடவுக் கூலி மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. அவரே தன் கைக்காசிலிருந்து அதைக் கட்டினார். ரோட்டை வெட்டின செலவில் ஒரு பங்கை அவர் கொடுத்திருக்கிறார். ஆனால் அவருக்கு யாரும் ரசீது கொடுக்கவில்லை.

மூடிவிட்டால் பழைய ரோடு ஆகாதா?

"தோண்டினார்கள், மூடிவிட்டார்கள், மேலே தாரும் பூசிவிட்டார்கள். பிறகு என்ன?" என்று அதிகாரிகள் கேட்பார்கள். இதற்குப் பதில் உங்களுக்கே தெரியும்.

பிணத்தைப் புதைத்து மண்ணை மேடாகக் குவிக்கிறோம். இரண்டு மழை கழித்துப் போய்ப் பார்த்தால் மேடு தரையோடு தரையாகிவிடும். சில இடத்தில் குழியே விழும். தோண்டிய மண்ணில் காற்று புகுந்துவிடுகிறது. அதை வெறுமனே தள்ளி மூடினால் காற்றும் உள்ளேயே தங்கிவிடுகிறது. மழைத் தண்ணீர் இறங்கும்போது மண் அமர்கிறது. ஒரு மீட்டர் ஆழப் பள்ளத்தில் நிரப்பிய மண் பத்தில் ஒரு பங்கு அமர்ந்தால், மேலே ரோடு பத்து சென்டிமீட்டர் இறங்கிவிடும். சைக்கிள் சக்கரம் மடங்குவதற்கு அது போதும்.

மண்ணைக் கெட்டிப்படுத்த ஒரு முறை இருக்கிறது. களத்துமேட்டைச் சீர் செய்கிறவருக்கு அது தெரியும். காய்ந்த மண்ணை எவ்வளவு அடித்தாலும் தூளாகப் பறக்கும். சேறாக இருந்தால் அடிக்க அடிக்கப் பிதுங்கும். பதமான ஈரத்தில் அடித்தால்தான் தரை கல்லாக இறுகும். அமெரிக்காவில் பிராக்டர் என்ற பொறியாளர் 1933ல் இதையே சோதனை செய்து அளவுகோலாக எழுதி வைத்தார். இன்று உலகம் முழுவதும் ரோடு போடுகிறவர்கள் அந்தச் சோதனையின் பெயரைத்தான் சொல்கிறார்கள். நம் பாட்டன்மார் கையால் அறிந்ததை அவர் எண்ணால் சொன்னார்.

ஆகவே பள்ளத்தை மூடும் முறை இதுதான். பதமான ஈரத்தில் மண்ணை ஒரு சாண் கனத்துக்குக் குறைவாகப் பரப்ப வேண்டும். திமிசுக் கட்டையாலோ அதிரும் இயந்திரத்தாலோ இறுக்க வேண்டும். பிறகு அடுத்த சாண். அப்படியே மேலே வர வேண்டும். ஒரு மீட்டர் பள்ளத்துக்கு ஆறேழு தடவை இந்த வேலையைச் செய்தாக வேண்டும். குழாயை ஒட்டின இடத்தில் கல்லில்லாத மணலோ சலித்த மண்ணோ போட வேண்டும். இதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், கூலி வேண்டும். காண்டிராக்டர் மிச்சம் பிடிக்கிற இடமே இதுதான். ஒரே தள்ளாக மண்ணைத் தள்ளிவிட்டு, ஏழு தடவை இறுக்கியதாகப் பில் எழுதினால், மண்ணுக்குள் போய் யார் பார்க்கப் போகிறார்கள்?

பக்கத்து மண்ணும் தளர்கிறது

இதோடு முடியவில்லை. ஆலைத் தோழர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். தறியில் இழுத்துக் கட்டிய பாவில் நடுவே நாலு இழை அறுந்தால், பக்கத்து இழைகளும் தளர்ந்துவிடும். ரோடும் அப்படித்தான். ரோட்டின் அடியில் இருக்கும் மண் ஒன்றையொன்று பக்கவாட்டில் தாங்கிக்கொண்டு நிற்கிறது. நடுவே இரண்டடி அகலத்துக்கு வெட்டிவிட்டால், இரு கரை மண்ணும் தாங்கல் இல்லாமல் பள்ளத்தின் பக்கம் சாய்கிறது. மேலே தார் அப்படியே இருப்பதுபோலத் தெரியும். அடியில் பிடிப்பு போய்விட்டது. பிறகு பள்ளத்தை நன்றாக மூடினாலும், தளர்ந்த அந்தக் கரையை யாரும் இறுக்குவதில்லை.

அமெரிக்காவில் சின்சினாட்டி என்ற நகரத்தில் இதை அளந்து பார்த்தார்கள். வெட்டிய இடத்தின் பக்கத்தில் பாரம் ஏற்றி, ரோடு எவ்வளவு வளைகிறது என்று கணக்கெடுத்தார்கள். வெட்டின் விளிம்பிலிருந்து சுமார் மூன்றடி தூரம் வரை ரோடு பலவீனமாகியிருந்தது என்று கண்டார்கள்.

இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். நம் கிராம ரோடு பெரும்பாலும் சுமார் பன்னிரண்டடி அகலம். நடுவே இரண்டடி வெட்டுகிறார்கள். "ஆறில் ஒரு பங்குதானே வெட்டினோம்" என்று சொல்வார்கள். இந்தப் பக்கம் மூன்றடி, அந்தப் பக்கம் மூன்றடி சேர்த்தால் எட்டடி. பன்னிரண்டில் எட்டு. மூன்றில் இரண்டு பங்கு ரோடு போய்விட்டது! மண்ணுக்கு மண் இந்தக் கணக்கு மாறும். ஆனால் வெட்டிய அகலத்தை மட்டும் அளந்து நஷ்டத்தைக் கணக்கிடுவது தவறு என்பது மாறாது.

மூன்றாவது எதிரி தண்ணீர். பழைய தாரும் புதிய ஒட்டும் சேருகிற இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு இருக்கும். அதன் வழியே மழை இறங்குகிறது. ஈரமான மண்ணின் மேல் லாரி ஏறுகிறது. சேறு ஜல்லிக்குள் பிதுங்குகிறது. தார் வெடிக்கிறது, இன்னும் தண்ணீர் இறங்குகிறது. ஒரு ஐப்பசி, ஒரு கார்த்திகை போதும், ஒட்டு குழியாகிவிடும். நல்ல வேலைக்காரன் ஒட்டுப் போடும்போது பள்ளத்தின் அகலத்துக்கு மேல் இரு பக்கமும் ஓரடி கூடுதலாகத் தாரை எடுத்துவிட்டு, கெட்டியான கரைமேல் புதுத் தார் படியும்படி மூடுவான். விளிம்புக் கோட்டைத் தாரால் அடைப்பான். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுகிறவர் கிழிசலை விடப் பெரிய துணியை வைத்துத் தைப்பதில்லையா? அதே முறைதான்.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாகாணத்தில் சோதனை ரோடு போட்டு, லாரிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் சுமார் பதினாறு மடங்காகிறது என்று தெரிந்தது. ஒரு டன் அச்சும் பத்து டன் அச்சும் ஒன்றல்ல. பத்து டன் அச்சு ஒரு தடவை போவது, ஒரு டன் அச்சு பத்தாயிரம் தடவை போவதற்குச் சமம். நடக்கிறவரும் சைக்கிளில் போகிறவரும் ரோட்டைத் தேய்ப்பதில்லை. வெட்டினவர் வேறு, அதன்மேல் பாரம் ஏற்றினவர் வேறு. குழியில் விழுகிறவர் மட்டும் நம்மவர்.

எத்தனை வருஷம் குறைகிறது?

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் 1990களில் தெருத் தெருவாகக் கணக்கெடுத்தார்கள். மூன்றுக்கும் குறைவாக வெட்டப்பட்ட தெருவின் ஆயுள் சுமார் 26 வருஷம். மூன்று முதல் ஒன்பது தடவை வெட்டப்பட்ட தெரு சுமார் 18 வருஷம். ஒன்பதுக்கும் மேல் வெட்டப்பட்டால் சுமார் 13 வருஷம். அதாவது ஆயுளில் பாதி போயிற்று. தெருவை வெட்டுகிற கம்பெனிகள் இத்தகைய ஆய்வுகளை ஆட்சேபித்தன. "பழைய, கெட்டுப்போன தெருவில்தான் அதிகம் தோண்ட வேண்டியிருக்கிறது. வெட்டினதால் கெட்டதா, கெட்டதால் வெட்டினதா?" என்று கேட்டன. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் சின்சினாட்டியில் செய்ததுபோல வெட்டின் பக்கத்திலேயே பலத்தை அளந்து பார்க்க வேண்டியதாயிற்று. அளந்தபோது வெட்டுத்தான் குற்றவாளி என்று தெரிந்தது. புதிதாகப் போட்ட ரோட்டை அவசரம் இல்லாமல் ஐந்து வருஷத்துக்கு வெட்டக்கூடாது என்று சான்பிரான்சிஸ்கோவில் விதி செய்தார்கள்.

அவர்களுடைய தெரு நம் ரோட்டைவிடக் கனமானது. நம் கிராம ரோட்டின் மேல் தார் பல இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் கனம்தான். நம் நாட்டுப் பொறியாளர்கள் கிராம ரோட்டுக்குப் போடும் கணக்கே பத்து வருஷ ஆயுள். 26 வருஷ ரோட்டில் பாதி போனால் 13 வருஷம் மிஞ்சும். பத்து வருஷ ரோட்டில் பாதி போனால் நமக்கு என்ன மிஞ்சும்?

குழாய் வேண்டாம் என்கிறோமா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாளை யாராவது, "கம்யூனிஸ்டுகள் குழாயை எதிர்க்கிறார்கள்" என்று சொல்லக் கூடாது.

குழாய் வேண்டும்! ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டும்! வருண லிங்கத்தின் பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த தாய்மார்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். 1958ல் சாத்தனூர் அணை கட்டி முடிந்தது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் இன்று மண்ணுக்கடியில் குழாய் வழியே திருவண்ணாமலைக்கு வருகிறது. அந்தக் குழாயைப் போடத் தோண்டித்தான் ஆக வேண்டும். 2019 ஆகஸ்ட் 15ல் மத்திய சர்க்கார் வீட்டுக்கு வீடு குழாய் என்ற திட்டத்தை அறிவித்தபோது, நாட்டின் கிராமங்களில் 3 கோடியே 23 லட்சம் வீடுகளுக்குத்தான் குழாய் இருந்தது. 2024 முடிவதற்குள் 15 கோடி வீடுகளைத் தாண்டிவிட்டதாகச் சர்க்கார் கணக்குச் சொல்கிறது. அத்தனை குழாயும் ஏதோ ஒரு ரோட்டின் ஓரத்திலோ நடுவிலோதான் போயிருக்கிறது. குழாய்க்காக வெட்டிய கிராம ரோடுகள் மூடப்படாமல் கிடக்கின்றன என்ற புகார் பல மாகாணங்களிலிருந்து எழுந்தது.

ஒரு கொடுமை பாருங்கள். 2000ஆம் வருஷம் டிசம்பரில் ஆரம்பித்த பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. ரோடு போட்ட காண்டிராக்டரே ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும். ஆனால் நடுவிலே வேறொருவர் வெட்டிவிட்டால் என்ன ஆகிறது? "நான் போட்ட ரோடு நன்றாகத்தான் இருந்தது. குழாய்க்காரரைக் கேளுங்கள்" என்கிறார் ரோடுக் காண்டிராக்டர். "ஒட்டுப் போட இன்னும் பணம் வரவில்லை" என்கிறார் குழாய்க்காரர். "எங்களிடம் அனுமதியே வாங்கவில்லை" என்கிறது இலாகா. ஒரே ஒரு வெட்டு மூன்று பேரையும் பொறுப்பிலிருந்து விடுதலை செய்துவிடுகிறது!

குடிநீர்க் குழாய் ஜனங்களுக்காக வருகிறது. கம்பெனியின் கேபிள் லாபத்துக்காக வருகிறது. இரண்டுக்கும் ரோடு வேண்டும். ஆனால் பொதுப்பணத்தில் போட்ட ரோட்டை வெட்டி லாபம் எடுக்கிறவர், வெட்டிய இரண்டடிக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு, தளர்ந்த ஆறடியை நம் தலையில் கட்டுவது என்ன நியாயம்? லாபம் தனிச்சொத்து, குழி பொதுச்சொத்து என்றால் நாம் ஏற்க முடியாது.

பள்ளத்துக்குள் இருப்பவர் யார்?

ரோட்டின் மேல் விழுகிறவரைப் பற்றிச் சொன்னேன். ரோட்டுக்கு அடியில் நிற்கிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளத்தைத் தோண்டுகிறவரும் நம் வர்க்கம்தான். நிலமில்லாத கூலி விவசாயி அறுவடை முடிந்த காலத்தில் கடப்பாரையோடு இந்த வேலைக்குப் போகிறார். பாதாளச் சாக்கடைப் பள்ளம் ஆளுக்கு மேல் ஆழம் போகிறது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு இரு பக்கமும் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. எத்தனை பள்ளத்தில் பலகையைப் பார்த்திருக்கிறீர்கள்? முட்டு இல்லாத பள்ளத்தில் மண் சரிந்து தொழிலாளி உயிரோடு புதைந்தார் என்று எத்தனை தடவை பத்திரிகையில் படித்திருக்கிறோம்?

கவனியுங்கள், தோழர்களே. முட்டுக் கொடுக்காத அதே காண்டிராக்ட்தான் கரை மண்ணைத் தளர விடுகிறது. பலகை இருந்தால் தொழிலாளியின் உயிரும் பிழைக்கும், ரோட்டின் கரையும் தளராது. ஆறேழு தடவை மண்ணை இறுக்கினால் ரோடும் நிலைக்கும், நம் ஆட்களுக்கு இன்னும் நாலு நாள் வேலையும் கிடைக்கும். தொழிலாளியின் நன்மையும் ரோட்டின் ஆயுளும் இங்கே ஒரே பக்கத்தில் நிற்கின்றன. எதிர்ப் பக்கத்தில் நிற்பது காண்டிராக்டரின் மிச்சம்.

ரோடு குழியில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று கேட்டால், சர்க்கார் கணக்கே பயங்கரமாக இருக்கிறது. 2022ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் குழிகளால் நேர்ந்த விபத்துகளில் 1,856 பேர் மாண்டார்கள். 2013 முதல் 2017 வரை ஐந்து வருஷத்தில் 14,926 பேர் இப்படி மாண்டதைக் கண்டு, 2018ல் சுப்ரீம் கோர்ட்டே சர்க்காரைக் கண்டித்தது. எல்லாக் குழியும் குழாய்க்காக வெட்டியதால் வந்ததல்ல. ஆனால் குழி என்பது தானாக விழும் தெய்வச் செயல் அல்ல என்பதை நாம் பார்த்துவிட்டோம்.

வேறு வழி இல்லையா?

இருக்கிறது. புதிதும் அல்ல.

பாரிஸ் நகரத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஆள் நடந்து போகும் அளவுக்குப் பெரிய பாதாளக் கால்வாய்கள் கட்டி, அதன் கூரையை ஒட்டிக் குடிநீர்க் குழாயைக் கொண்டுபோனார்கள். குழாய் உடைந்தால் ஆள் உள்ளே இறங்கிப் பார்ப்பார். தெருவை வெட்டத் தேவையில்லை. மாஸ்கோவில் 1935ல் நகரப் பெருந்திட்டம் வகுத்த காலத்திலேயே, பெரிய வீதிகளின் அடியில் குழாயும் கம்பியும் சேர்ந்து போகும் சுரங்கங்களைக் கட்டத் தொடங்கினார்கள். ஜப்பான் 1963ல் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தது. நம் பக்கத்து ஊரான பெங்களூரில், 2010களில் சில ரோடுகளைத் திருப்பிக் கட்டும்போது தண்ணீர், சாக்கடை, மின்சாரம், கேபிள் எல்லாவற்றையும் நடைபாதைக்கு அடியில் தனித்தனி வழியில் வைத்தார்கள். செயின்ட் மார்க்ஸ் ரோட்டில் போனால் இன்றும் பார்க்கலாம்.

"அடி அண்ணாமலைக்குச் சுரங்கமா கேட்கிறீர்கள்?" என்று சிரிப்பார்கள். நாம் சுரங்கம் கேட்கவில்லை. இந்திய ரோடு காங்கிரஸ் என்று ஒரு ஸ்தாபனம் 1934 முதல் இருக்கிறது. பெயரைப் பார்த்து அரசியல் கட்சி என்று எண்ணாதீர்கள், ரோடுப் பொறியாளர்களின் ஸ்தாபனம். நகர ரோடுகளில் குழாயையும் கம்பியையும் எங்கே, எப்படி வைக்க வேண்டும் என்று அதுவே 1997ல் வழிமுறை வெளியிட்டு, 2011ல் திருத்தியும் வெளியிட்டது. வண்டி ஓடும் தாருக்கு அடியில் வைக்காதே, ஓரத்தில் வை, குறுக்கே போக வேண்டியிருந்தால் ரோடு போடும்போதே வெற்றுக் குழாயைப் புதைத்து வை, பிறகு அதன் வழியே செலுத்திக்கொள் என்பதுதான் அதன் சாரம். நாலு வெற்றுக் குழாயைக் குறுக்கே புதைக்க என்ன செலவாகும்? பிறகு நாலு தடவை வெட்டி நாலு தடவை ஒட்டுவதைவிட அது குறைவுதான். தரையைத் திறக்காமல் பக்கவாட்டில் துளைத்துக் குழாயை இழுக்கும் இயந்திரமும் இன்று நம் நாட்டில் ஏராளமாக ஓடுகிறது.

2023 மார்ச்சில் மத்திய சர்க்கார் ஒரு கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. தோண்டப் போகிறவர், அந்த இடத்தில் வேறு யாருடைய குழாயோ கம்பியோ இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்வதற்காக. நல்லது. ஆனால் அதில் குழாய்க்காரரும் கம்பிக்காரரும் பேசிக்கொள்கிறார்கள். ரோட்டில் நடக்கிறவருக்கு அதில் இடம் இல்லை. அந்த இடத்தை நாம்தான் பிடிக்க வேண்டும்.

இப்போதே ஏன் கேட்க வேண்டும்?

2024ல் சுற்றுப்புற ஊராட்சிகள் பலவற்றைச் சேர்த்துத் திருவண்ணாமலையை மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர் பெரிதானால் போதாது. மலையைச் சுற்றியிருக்கும் கூலிக்காரர் குடியிருப்புகளுக்கு இனி பெரிய குழாய் வர வேண்டும், பாதாளச் சாக்கடை வர வேண்டும். வரத்தான் வேண்டும், வாங்காமல் விட மாட்டோம். வரும்போது எந்த வரிசையில் வருகிறது என்பதுதான் கேள்வி. முதலில் குழாய், பிறகு ரோடு என்று வந்தால் ஒரே செலவு. முதலில் ரோடு, பிறகு வெட்டு, பிறகு ஒட்டு, பிறகு மறுபடி ரோடு என்று வந்தால் நாலு டெண்டர். நாலு டெண்டரில் யாருக்கு நன்மை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. எந்தத் தெருவிலும் புது ரோடு போடும் முன், குடிநீர், சாக்கடை, மின்சாரம், தொலைபேசி எல்லா இலாகாக்களும் கூடி, அடியில் வர வேண்டியதை முதலில் போட்டு முடிக்க வேண்டும். அந்த வருஷத் திட்டத்தை ஜனங்களின் முன் படிக்க வேண்டும்.

2. புதிதாகப் போட்ட ரோட்டை, குழாய் உடைப்பு போன்ற அவசரம் தவிர, ஐந்து வருஷத்துக்கு வெட்டக்கூடாது. குறுக்கே போக வெற்றுக் குழாய்களை முன்பே புதைக்க வேண்டும்.

3. லாபத்துக்காக வெட்டும் கம்பெனியிடம், வெட்டிய அகலத்துக்கு மட்டுமல்லாமல், தளரும் கரைக்கும் சேர்த்துப் பணம் வாங்க வேண்டும். அந்தப் பணத்தை அதே ரோட்டுக்குச் செலவிட வேண்டும்.

4. பள்ளத்தைப் படிப்படியாக இறுக்கி மூட வேண்டும். இறுக்கத்தைச் சோதித்த பிறகே பில் கொடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவசரமில்லாத வெட்டு கூடாது.

5. ஆழமான பள்ளத்துக்கு முட்டுப் பலகை, இரவில் விளக்கு, தடுப்பு. தோண்டுகிற தொழிலாளிக்கு நியாயமான கூலி, விபத்துக்கு நஷ்ட ஈடு.

6. வெட்டும் இடத்தில் பலகை வைத்து, யார் வெட்டுகிறார், எதற்கு, எந்தத் தேதிக்குள் மூடுவார், எவ்வளவு பணம் என்று தமிழில் எழுத வேண்டும்.

என்ன செய்யலாம்?

கோரிக்கை எழுதினால் மட்டும் போதாது. கையில் இருக்கும் ஆயுதங்களை உபயோகிக்க வேண்டும். ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. மே தினத்தன்றுகூட அது கூடுகிறது. நம் தினத்தில் கூடும் சபையில் நாம் இல்லாவிட்டால் எப்படி? நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது. அங்கே போய், "இந்த வருஷம் எந்தத் தெருவை வெட்டப் போகிறீர்கள்? எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் கட்டி, வேலையின் எஸ்டிமேட்டையும் அளவுப் புத்தகத்தையும் நகல் கேட்கலாம். எத்தனை தடவை இறுக்கினதாக எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த நாளில் பள்ளத்தில் வேலை செய்த நம் தோழரையே சாட்சிக்கு அழையுங்கள். அவருக்கு உண்மை தெரியும்.

பள்ளம் மூடும் நாளில் தெருவில் நாலு பேர் நில்லுங்கள். சண்டை வேண்டாம், கேள்வி போதும். "அண்ணே, ஒரே தள்ளாத் தள்ளறீங்களே, திமிசு எங்கே?" என்று கேளுங்கள். வேலை செய்கிறவர் நம்மவர்தான். அவர்மேல் கோபம் வேண்டாம். அவருக்குத் திமிசுக் கட்டையும் நேரமும் கூலியும் கொடுக்காதவரிடம் கேட்க அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் ஒன்று சொன்னேன். ரோட்டுக்கும் கூலிக்கும் உள்ள சம்பந்தத்தை நீங்களே சொல்வீர்கள் என்றேன். ரோடு பத்து வருஷம் நிலைக்க வேண்டியது ஐந்து வருஷத்தில் போனால், அந்த ஐந்து வருஷத்தின் பணம் வரியாக நம்மிடமிருந்துதான் போகிறது. பஸ் வராத நாளில் அரைநாள் கூலி போகிறது. ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட முடியாத இரவில் உயிரே போகிறது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் கை சேர்ந்துவிட்டது. ஆனால் முன்போல நாற்று முடியைப் பிடிக்க முடியவில்லை என்கிறார். நடவுக்குப் போனால் மற்றவர்களுக்குச் சமமாக நட முடியாததால் அவரைக் கூப்பிடுவதில்லை.

இந்தக் கணக்கை எழுத எஸ்டிமேட்டில் ஒரு வரி இல்லை. அந்த வரியை எழுத வைப்பதுதான் நம் வேலை. மில்லில் இருப்பவரும் வயலில் இருப்பவரும் சேர்ந்து போனால் எழுத வைக்க முடியும். அடுத்த சபை கூடும் நாளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது தெருவுக்கு ஐந்து பேர். தாய்மார்கள் முன்வரிசையில்!